எல்லாம் ஒரே நாளில்

பழைய லேப்டாப்பில் இருந்த போட்டோக்களை நேற்று புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். அது எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கியது. என் சிறுவயது முழுவதும் ஒரே ஒரு ஜனவரி ஒன்றாம் தேதியில் போய் விழுந்தது.

எல்லாம் நைனா செய்த வேலை. பழவேற்காடு ஏரியில் பூநாரை பார்க்க வருகிறவர்களை அவர் படகில் கூட்டிப்போவார். அப்படி வந்த ஒருவர் தன் பழைய கேமராவை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். உப்புக்காற்றில் பேட்டரி கெட்டுவிடும் என்று, படம் எடுத்த கையோடு நைனா அதைக் கழற்றி, லுங்கியில் துடைத்து, அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிடுவார். ஒவ்வொரு முறையும் கேமரா தேதியை மறந்து முதல் நாளுக்கே திரும்பிவிடும்.

"சோத்துல பேட்டரி நாத்தம் அடிக்குதுய்யா!" என்று அம்மா கத்துவாள்.

நைனா அசர மாட்டார். கேமராவில் தேதி தப்பு என்று நான் சொன்னாலும், "இன்னிக்கு இன்னா நாளுன்னு நமக்குத் தெரியாதா?" என்பார்.

அந்த ஒரு நாளில் அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிறாள். இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருப்பதால் கண் மட்டும் சிரிக்கிறது. அதே நாளில் எனக்கு முன்பல் விழுகிறது. அதே நாளில் ஹாஸ்டலுக்குக் கிளம்பிப் பெட்டியோடு நிற்கிறேன்.

எது முன்னால், எது பின்னால் என்று கேட்க இப்போது இரண்டு பேரும் இல்லை. சென்னையில் இந்த ஒற்றை அறையில், என் அரிசி டப்பாவில் அரிசி மட்டும்தான் இருக்கிறது.

தேதியைத் திருத்தப் போன கையை எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு நாளிலாவது நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம்.