இடம் திருப்பினால் வலம்

மீஞ்சூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற கார் அப்பாவைவிட மூத்தது என்று அம்மா சொல்வாள். அது மிகை. அதன் ஸ்டீயரிங்குக்குக் காது மந்தம் என்று அவள் சொன்னதில் மட்டும் மிகை ஏதும் இல்லை. கால் வட்டம் திருப்பிய பிறகே முன்சக்கரங்களுக்குச் செய்தி போய்ச் சேரும். அதற்குள் வளைவு கடந்துபோயிருக்கும்.

அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஓர் ஆடி மாதத் தொடக்கத்தில், நொறுங்கிக் கிடந்த வேறொரு காரிலிருந்து ஸ்டீயரிங் அமைப்பைக் கழற்றிக்கொண்டு வந்தார். பல் வெட்டிய நீண்ட இரும்புக் கம்பி ஒன்று, அதன்மேல் உருளும் சிறிய பல்சக்கரம் ஒன்று. ரேக், பினியன் என்று பட்டறையில் அவற்றுக்குப் பெயர். திருப்பிய கணமே கம்பி நகரும். கம்பி நகர்ந்த கணமே சக்கரங்கள் திரும்பும். அதை எங்கள் கிழட்டுக் காரில் பொருத்தி, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் போவதாக ஏற்பாடு. அங்கே பவானி அம்மன் கோயிலில் என் தம்பிக்கு மொட்டையடித்துக் காது குத்த வேண்டியிருந்தது.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எங்களுக்கு இருந்ததோ ஒரே மாமா. அம்மாவின் தம்பியான அவர், ஏழு மாதமாக எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

மாமா பழவேற்காட்டு ஏரியில் பாய்மரப் படகு ஓட்டி மீன்பிடிப்பவர். பொங்கலுக்கு வந்திருந்தபோது கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். படகில் சுக்கான் பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். சிறு வயதிலிருந்தே அந்தப் பிடியைப் பிடித்துப் பழகிய கை, காரிலும் அவ்வாறே நடந்துகொண்டது. அப்பா இடப்பக்கம் என்றால் மாமா வலப்பக்கம் திருப்புவார். மூன்றாம் நாள், ரயில் நிலையத்துக்கு எதிரே குவித்திருந்த கரும்புக் கட்டுகளுக்குள் கார் புகுந்து நின்றது. கூடியவர்கள் சிரித்தார்கள். அவர்கள் முன்னிலையில் அப்பா சொன்னார்:

"படவு தள்றவனுக்கு ரோட்டுல இன்னாடா வேல? எறங்கு."

மாமா இறங்கினார். இறங்கியவர் நேரே நடந்துபோய்ப் பழவேற்காட்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பட்டறையில் அப்பா ஒரு நூல் பிசகினாலும் வேலையைத் திரும்பச் செய்பவர். பேச்சில் பிசகியதை மட்டும் திரும்பத் தொடமாட்டார். அம்மா இரண்டு முறை ஆள் அனுப்பினாள். இரண்டாம் முறை பதில் வந்தது: சனிக்கிழமை வீட்டுக்கு வந்து சீரைத் தருவாராம், ஆனால் அந்தக் காரில் ஏறமாட்டாராம், மறுநாள் பஸ்ஸில் வருவாராம். ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையம் பஸ்ஸின் கூரையிலும் இடம் இருக்காது. நல்ல நேரத்துக்குள் மாமா வந்து சேராவிட்டால் தம்பியை யார் மடியில் உட்கார வைப்பது? அம்மா அந்த வாரம் முழுதும் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு வேறு அலுவல் இருந்தது. எங்கள் சாம்பல் நிறக் கோழி காருக்கு அடியில்தான் முட்டையிடும். தவழ்ந்துபோய் எடுத்து வருவது என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை காலை உள்ளே போனபோது பழைய ஸ்டீயரிங்கைக் கழற்றியிருந்தார்கள்; புதியது இன்னும் ஏறவில்லை. மல்லாந்து பார்த்தேன். முன்சக்கர அச்சுக்கு முன்னால் நான்கு, பின்னால் நான்கு, புதிதாகப் போட்ட துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வெளிச்சம். எதையும் எண்ணிப் பார்க்கிற வயது எனக்கு. துளைகள் எட்டு, முட்டை ஒன்று.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் முன்னால் இருந்த நான்கு துளைகளில் நான்கு போல்ட் போட்டு அப்பா ரேக்கை முடுக்கிவிட்டார். மாலையில் மாமா வந்தார். தம்பிக்குத் துணியும் கம்மலும் வைத்த சீர்க்கூடையை வாசல் படலுக்கு வெளியே நின்றபடியே அம்மாவிடம் நீட்டினார். அம்மா உள்ளே வரச் சொல்லி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அசையவில்லை.

அப்பா வா என்றும் சொல்லவில்லை. காரில் ஏறிக் கிளப்பினார். படலை நோக்கி இடப்பக்கம் திருப்பினார். கார் மிகுந்த மரியாதையோடு வலப்பக்கம் போய், துணிக்கொடியை அறுத்துக்கொண்டு, அம்மாவின் பச்சைப் புடவையைப் போர்த்தியபடி நின்றது. பின்னுக்கு எடுத்து மறுபடி முயன்றார். இம்முறை முருங்கை மரம் வரை போயிற்று.

மாமா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியாமல் அப்பாவிடம் சொன்னார்:

"இன்னா மாமா! நூல் புடிச்சு வேல செய்ற ஆளு நீ. உன் காரு பொடவ கட்டிக்கினு நிக்குதே!"

அப்பா இறங்கித் தலையைச் சொறிந்தார்.

"ரேக்கு அச்சுக்குப் பின்னால இருக்கணும். அங்க எண்ணெத் தொட்டி இடிக்குதேன்னு முன்னால வச்சேன். எல்லாம் தலகீழா பூடுச்சு."

"ஐயோ, வெடிஞ்சா கோயிலுக்குப் போவணுமே!" என்றாள் அம்மா.

"மாத்த ஒரு நாள் ஆவும். இப்டியே ஓட்ட என் கைக்கு வராது." இதை அப்பா முருங்கை மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

மாமாவின் வலக்கை காற்றில் எதையோ தள்ளிப் பார்த்தது.

"சுக்கான் மாதிரிதானே கீது?" என்றார் மெல்ல. "நான் வேணா பாக்கட்டா?"

அப்பா சாவியை நீட்டினார். அதை வாங்க மாமா படலைத் தாண்டி உள்ளே வரவேண்டியிருந்தது. வந்தார்.

மாமா அன்று கார் ஓட்டியதைப் போல் யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. முருங்கையைச் சுற்றினார், கிணற்றைச் சுற்றினார், இரண்டுக்கும் நடுவே எட்டுப் போட்டார். புடவை பின்னால் கொடியாகப் பறந்தது. நானும் தம்பியும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினோம். அம்மா சிரித்தபடி அழுதாள். பிறகு உலை வைக்கப் போனாள். மாமா இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் மாமாதான் ஓட்டினார், மாட்டுவண்டிகளுக்கு வழிவிட்டு, அவற்றைவிடச் சற்றே விரைவாக. பக்கத்தில் அப்பா கைப்பிரேக்கிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். தச்சூர் கூட்டுரோட்டில் ஆள் தொங்கிக்கொண்டு நின்ற பஸ்ஸைக் கடந்தபோது மாமா அதற்கு ஒரு சலாம் வைத்தார். அப்பா அப்போதுதான் வாய் திறந்தார்.

"மச்சான், நீ ஓட்னா ஏரியில போற மாதிரி கீது."

மாமாவின் காதுகள் சிவந்தன. கோயிலில், நல்ல நேரத்துக்குள், தம்பி அவர் மடியில் உட்கார்ந்தான். ஊசி இறங்கியபோது அவன் அலறினான்; மாமா அவனைவிட அதிகமாக அழுதார்.

திங்கட்கிழமை காலை மாமா ஊருக்குக் கிளம்பினார். நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது அப்பா ரேக்கை அச்சுக்குப் பின்னால் மாற்றி முடித்திருந்தார். எண்ணெய்த் தொட்டி எதுவும் இடிக்கவில்லை. நான் வழக்கம்போல் அடியில் புகுந்து வெளியே வந்தேன். அப்பா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அடியில இன்னா பாத்த?"

"முட்ட இல்லப்பா. எட்டு ஓட்டதான் கீது. முன்னால நாலு காலி, பின்னால நாலுல போல்ட்டு. வெள்ளிக்கெழமயும் எட்டுதான் இருந்துச்சு."

அப்பா சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு முனைக் கடைக்குப் போய், ஒரு பொட்டலம் நிறையக் கடலை மிட்டாய் வாங்கி வந்து, தம்பிக்குக்கூடப் பங்கு வைக்காமல், முழுவதையும் என் கையில் கொடுத்தார்.

சரியாக எண்ணியதற்குப் பரிசு என்றே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.