மனைவியின் இரைப்பையும் நான் நிரப்பிய தாள்களும்

பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் யாருக்கு விண்ணப்ப ஃபோம் நிரப்ப வேண்டுமென்றாலும் என்னைத்தான் தேடுவார்கள். ரூ காய் தெருவில் ஒரு தேநீர்க்கடையின் மூலை மேசை எனக்கென்றே இருந்தது. அகதி விண்ணப்பங்கள் எழுதி எழுதி நான் கண்டுகொண்டது ஒன்றுதான்: முதலில் என்ன சொன்னோமோ அதையே கடைசிவரை சொல்ல வேண்டும். ஒரு திகதி மாறினாலும் பொய் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதனால் எந்தத் தாளை அனுப்பினாலும் ஒரு பிரதி எடுத்து வைப்பேன். இதில் எனக்கு நல்ல தலைக்கனம்.

ஊரில் யுத்தம் முடிந்த அடுத்த வருடம் என் மனைவிக்கு ஒப்பரேஷன் நடந்தது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையில் இருந்த ஓட்டை பெரிதாகி, இரைப்பையில் பாதிக்கு மேல் நெஞ்சுக்குள் ஏறியிருந்தது. வயிற்றைக் கிழிக்காமல், ஐந்து சின்னத் துளைகள் போட்டு அதை இறக்கித் தைத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் பயந்தாள், நான்தான் வற்புறுத்திச் சம்மதிக்க வைத்தேன். எனவே என்னவோ நானே தைத்தது போல லா சப்பல் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அதன்பிறகு வருடா வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கேள்வித்தாள் தபாலில் வந்தது. இந்தச் சிகிச்சை நெடுங்காலம் தாங்குகிறதா என்று அறிவதற்காம். விழுங்கும்போது அடைக்கிறதா, நெஞ்செரிகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று கேட்டிருப்பார்கள். அவளுக்குப் பிரெஞ்சு வராது; முதல் வருடம் அவளைக் கேட்டே நிரப்பினேன். எல்லாச் சிரமங்களுக்கும் ‘இல்லை’. அது உண்மை. இரண்டாம் வருடம் பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்து அப்படியே பார்த்து எழுதினேன். அவளுடைய கையெழுத்தையும் நானே போட்டேன். பிறகு ஒவ்வொரு வருடமும் அதே வேலைதான். மாற்றி எழுதினால் டொசியேயில், அதாவது அவளுடைய கோப்பில், சிக்கல் வரும் என்ற பயம் எனக்குப் பழகிப்போயிருந்தது.

அவள் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்கத் தொடங்கியதை நான் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்தேன். ஒரு பிறந்தநாள் விழாவில் அவள் தட்டில் பாதியை மிச்சம் விட்டபோது, “கூப்பிட்ட வீட்டுக்காரர் என்ன நினைப்பினம், சாப்பிடும்” என்று அடிக்குரலில் அதட்டினேன். சாப்பிட்டாள். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் நின்றாள். அடுத்த மாதம் வந்த தாளிலும் ‘இல்லை’ என்றுதான் எழுதினேன்.

ஒப்பரேஷன் முடிந்து எட்டாம் வருடம், பாரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் எங்கள் வீட்டு மாடிப்படியில் மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஸ்கான் எடுத்தார்கள். இரைப்பை மறுபடி மேலே ஏறியிருந்தது. ஒப்பரேஷன் செய்த டொக்டர் பதறவில்லை. வருடங்கள் போகப் போகச் சிலருக்கு இப்படித் திரும்பும், பலருக்கு அதனால் தொந்தரவே இருக்காது, சிரமப்படுகிறவர்களுக்கு மருந்தோ இன்னொரு ஒப்பரேஷனோ யோசிக்கலாம் என்றார். பிறகு என் ஏழு தாள்களையும் மேசையில் பரப்பினார். உங்கள் மதாமுக்கு ஒருநாளும் ஒரு சிரமமும் இருந்ததில்லை என்று எழுதியிருக்கிறதே என்று கேட்டார்.

“அவர் என்ன கேக்கிறார்?” என்றாள் மனைவி.

சொன்னேன்.

“அப்பிடி ஆர் சொன்னது? நாலு வருசமா நான் சாய்ஞ்சுகொண்டெல்லே நித்திரை கொள்ளுறன்.”

எழுதியது நான்தான் என்று இரண்டு மொழியிலும் சொல்ல வேண்டியிருந்தது. பிரெஞ்சில் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

டொக்டர் புதுத் தாள் ஒன்றைத் தந்தார். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்லி, அவள் பதில் சொல்லும்வரை பேனையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அடைக்கிறதா? “ஓம், சோறு எண்டால் ஒவ்வொரு நாளும்.” கடைசிக் கேள்வி: எல்லாம் தெரிந்த பிறகும் இந்த ஒப்பரேஷனைச் செய்வீர்களா? ஏழு தாள்களிலும் என் கையால் ‘ஆம்’ என்று எழுதிய கேள்வி அது.

“ஓம், செய்வன். முதல் நாலு வருசம் நல்லாத்தானே இருந்தன்.” கொஞ்சம் யோசித்தாள். “ஆனா டொக்டரோட கதைக்கிறதுக்கு வேற ஆளைக் கூட்டிக்கொண்டு வருவன்.”

கீழே குறிப்பெழுத இடம் விட்டிருந்தார்கள். அவள் கடைசியாகச் சொன்னதையும் அங்கே பிரெஞ்சில் எழுதி, கையெழுத்துக்காகத் தாளை அவளிடம் நீட்டினேன்.