மகளுக்குச் சொல்லாதேங்கோ

எனக்கு வாய் கூட. வீட்டிலையும் தெரியும், வேலையிடத்திலையும் தெரியும். மெல்லக் கதைச்சால் ஒருத்தரும் கேக்கமாட்டினம் எண்டு இந்த நாட்டுக்கு வந்த புதிசிலையே எனக்கு விளங்கியிட்டுது. அதாலைதான் அப்பாவுக்கு வருத்தம் வந்தாப்பிறகு எல்லாம் என்ரை தலையிலை விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் அடிக்கிறது, மருந்துக்கடைக்காரனோடை சண்டை பிடிக்கிறது, பார்க்க வாற சனத்தை நேரத்துக்குக் கலைக்கிறது எல்லாம் நான்தான்.

அப்பாவுக்குக் கான்சர் எலும்புக்குப் பரவியிட்டுது. இனி மாத்தேலாது, நோகாமல் பாக்கலாம் எண்டு சொல்லி வீட்டுக்கு விட்டிட்டினம். மல்வேர்னிலை எங்கடை ரவுன்ஹவுஸ் ஹோலிலை சோபாவைத் தள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டம். கான்சர் எண்டு அப்பாவுக்குத் தெரியும். எவ்வளவு தூரம் எண்டு அவரும் கேக்கேல்லை, நாங்களும் சொல்லேல்லை. எங்கடை வீடுகளிலை அது அப்பிடித்தான்.

ஸ்பெஷலிஸ்ற் ஆள் வீட்டுக்கு வரும் எண்டு சொல்லியிருந்தவை. பாத்தால் ஒரு நேர்ஸ் வந்து வாசலிலை சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டு நிக்கிறா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "டொக்டர் எப்ப வருவார்?" எண்டு உள்ளை விடமுதலே கேட்டன். தான் நேர்ஸ் பிரக்டிஷனர், இப்பிடியான ஆக்களைப் பாக்கிறதுக்கெண்டே மேலை படிச்சது, சோதிக்கிறதும் மருந்து எழுதுறதும் கூட்டிக் குறைக்கிறதும் தானே செய்வன், தேவையெண்டால் டொக்டரோடையும் கதைப்பன் எண்டு சிரிச்சபடி சொன்னா. நான் சிரிக்கேல்லை.

வாற நேரமெல்லாம் அவ அப்பாவைப் பாத்துத்தான் கேள்வி கேப்பா. அப்பாவுக்கு இங்கிலீஸ் வராது. நான்தான் இடையிலை. நோ எப்பிடி, நித்திரை எப்பிடி எண்டால் ரெண்டு சொல்லு கேட்டு ரெண்டு சொல்லு சொல்லுவன். டொய்லெற்றுக்கு ஒழுங்காய்ப் போறவரோ எண்டு கேட்டால் அப்பாட்டைத் திரும்பாமலே "ஓம், எல்லாம் சரி" எண்டிடுவன். அதை ஒரு மகள் தகப்பனிட்டைக் கேக்கிறதோ? எனக்கும் கூச்சம், அவருக்கும் கூச்சம்.

நோ குறையேல்லை. அப்பா பல்லைக் கடிச்சுக்கொண்டு சுவரைப் பாத்துக் கிடந்தார். நோக்குளிசையை நேரத்துக்கு நான்தான் குடுக்கிறன், பிறகேன் கேக்கேல்லை? அடுத்தமுறை அவ வர, "உங்கடை மருந்து வெறும் தண்ணி, கூட்டி எழுதுங்கோ" எண்டு பாய்ஞ்சன். அவ அப்பாவின்ரை வயித்தை மெல்ல அமத்தி அமத்திப் பாத்தா. பிறகு, இண்டைக்குப் போனிலை மொழிபெயர்க்கிற ஒராளை எடுக்கிறன், அப்பாவோடை தனியக் கதைக்கோணும் எண்டா.

"ஏன், நான் என்ன ஊமையோ?"

நீங்கள் கொஞ்சம் இளைப்பாறுங்கோ எண்டு மட்டும் சொன்னா. நான் படியெல்லாம் அதிர மேலை ஏறினன். ஏறினன் எண்டு பேர், பாதிப் படியிலை குந்தியிட்டன்.

ஸ்பீக்கரிலை போட்ட போனிலை ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டுது. "வணக்கம் ஐயா. நீங்கள் சொல்லுறது எல்லாத்தையும் ஒண்டும் விடாமல் அவவுக்குச் சொல்லுவன்."

"தம்பி, மகள் பக்கத்திலை நிக்கிறாவோ எண்டு பாருங்கோ."

"நான் போனிலையெல்லோ ஐயா நிக்கிறன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது. அதுதான் அண்டைக்குக் கடைசிச் சிரிப்பு.

அப்பா சொல்லத் தொடங்கினார். "வெளிக்குப் போய்க் கனநாள் தம்பி. வயிறு கல்லு மாதிரிக் கிடக்கு. அந்தக் குளிசைதான் வயித்தைக் கட்டுது. அதாலை நான் விழுங்கிறேல்லை. நாக்குக்குக் கீழை வைச்சிருந்திட்டு, மகள் அங்காலை போகத் துவாயிலை துப்பிறனான்."

மகளிட்டை ஏன் சொல்லேல்லை எண்டு நேர்ஸ் கேட்டா.

"பொம்பிளைப் பிள்ளையிட்டை உதுகளை என்னெண்டு சொல்லுறது? சொன்னாலும் ஏசுவா. அவ நல்ல பிள்ளை தம்பி, எல்லாம் அவதான் பாக்கிறா. எண்டாலும் எனக்கு அவவிலை பயம். மகளுக்குச் சொல்லாதேங்கோ."

அந்த மனிசன் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல் அதை இங்கிலீசிலை சொன்னார். மொழிபெயர்க்கிறவை தாங்களே நோயாளி மாதிரித்தான் சொல்லுவினம்: எனக்கு என்ரை மகளிலை பயம். தமிழிலை ஒருக்கால், இங்கிலீசிலை ஒருக்கால் கேட்டன்.

சனம் கான்சருக்குப் பயப்பிடும், சாவுக்குப் பயப்பிடும். என்ரை அப்பா எனக்குப் பயந்து நோவைத் திண்டுகொண்டு கிடந்திருக்கிறார். வெக்கத்திலை எனக்கு உடம்பெல்லாம் கூசிச்சுது. அழக்கூட வெக்கமாயிருந்தது.

அவ என்னைக் கீழை கூப்பிட்டா. குளிசைக்குப் பதிலாய்த் தோலிலை ஒட்டுற மருந்து எழுதியிருக்கிறன், வயிறு இளக வேறை மருந்து, கழுவித் துடைக்க ஒரு ஆம்பிளை ஆள் வருவார் எண்டா. மற்றதைப் பற்றி ஒரு சொல்லுமில்லை. அவவின்ரை முகத்தைப் பாக்கேலாமல் தேத்தண்ணி போடப் போனன். அத்தினை தரம் வந்துபோன மனிசிக்கு அதுவரைக்கும் நான் ஒரு கோப்பை தேத்தண்ணி குடுத்திருக்கேல்லை.

கொஞ்ச நாளிலை நோ அடங்கிச்சுது. அப்பா சுவரை விட்டு எங்கடை பக்கம் திரும்பிப் படுத்தார். நானும் வாயைக் கட்டினன். "கஞ்சி குடிக்கிறீங்களோ அப்பா? ஏலாட்டில் விடுங்கோ" எண்டு பஞ்சு மாதிரிக் கதைச்சன். பால் ஊத்துப்பட்டாலும் பேசாமல் துடைச்சன். அப்பா என்னை ஒரு மாதிரிப் பாப்பார். பிறகு கஞ்சியும் வேண்டாமெண்டு விட்டிட்டார்.

ஒருநாள் பின்னேரம் கேட்டார். "பிள்ளை, மறைக்காமல் சொல்லு. எனக்கு இனிச் சரிவராது எண்டு அந்த நேர்ஸ் உன்னட்டைச் சொல்லிப்போட்டாவோ?"

"ஏனப்பா இப்பிடிக் கேக்கிறீங்கள்?"

"நீ இப்ப என்னை ஏசுறேல்லை."

கஞ்சிக் கரண்டியை அவரின்ரை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனன். "விசர்க்கதை கதையாமல் வாயைத் திறவுங்கோ, ஆறப்போகுது!" எண்டு கத்தினன். அப்பா உடனை ஆவெண்டு திறந்தார். பயத்திலையோ நிம்மதியிலையோ எண்டு கேக்க எனக்கு முகமில்லை. ஊட்டினன்.