பிரேக் அக்கா கொடுத்த புகார்

பதினேழு வருடமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள் அவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று கத்திக் கத்தியே பிரேக் அக்கா என்று பேர் விழுந்துவிட்டது. லாரியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிறவளைக்கூட ஒரே மாதத்தில் பெரிய சாலையில் ஓட்ட வைத்துவிடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்புக்கு வராத மாணவி ஒருத்தி போன் செய்தாள். பள்ளிக்கூட டீச்சர்.

"அக்கா, நீங்களா இப்படி?"

யாரோ இவள் பேரிலும் படத்திலும் போலிக் கணக்கு தொடங்கி, உரிமம் எடுக்க வேண்டும் என்று சொல்லி மாணவிகளிடம் புகைப்படம் கேட்டிருக்கிறான். டீச்சர் அனுப்பியிருக்கிறாள். அதை அசிங்கமாக மாற்றி அவளுக்கே திருப்பி அனுப்பி, "உன் வீட்டுக்காரருக்கு அனுப்பட்டுமா?" என்று மிரட்டல்.

அந்தக் கணக்கிலிருந்து பிரேக் அக்காவின் தங்கைக்கும் செய்தி வந்திருந்தது. "இந்தக் கண்றாவியை எதுக்கு வச்சுக்கிட்டு?" என்று தங்கை அதை அழித்து, கணக்கையும் பிளாக் செய்துவிட்டாள். பிரேக் அக்காவும் அப்படியே பிளாக் செய்தாள். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

காவல் நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

"ஏம்மா, உங்க கணக்குக்குள்ள எவனாவது புகுந்தானா?"

"இல்லீங்க. என் பேர்ல புதுசா ஒண்ணு தொடங்கியிருக்கான்."

"அப்ப படம் அனுப்பினவங்கதானே வரணும்? சைபர் பிரிவுக்குப் போங்க."

சைபர் பிரிவு ஊரின் மறுகோடியில், மூன்றாவது மாடியில். அங்கிருந்த எழுத்தர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "முதல்ல இணையத்துல பதிவு பண்ணுங்க. நம்பர் வரும். அதோட வாங்க."

வீட்டுக்கு வந்து பதிவு செய்ய உட்கார்ந்தாள். நடந்ததைச் சுருக்கமாக எழுதினால் போதாது என்றது அந்தத் தளம். விரிவாக எழுதினால், நடுவில் போட்ட கேள்விக்குறி ஆகாது என்றது. எல்லாம் சரிசெய்து முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது என்று முழுப் பக்கத்தையும் துடைத்துப் போட்டது. மூன்றாம் தடவை போலிக் கணக்கின் முகவரி கேட்டது. அவள்தான் பிளாக் செய்துவிட்டாளே! தேடினால் எங்கே தெரியும்? பிளாக்கை எடுக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. மடிக்கணினியை ஓங்கி மூடினாள்.

மிச்சமிருந்தது டீச்சர் மட்டும்தான். அவள் ஒன்றையும் அழிக்கவில்லை. பிரேக் அக்கா பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தி, அவளை உள்ளே உட்கார வைத்துப் பேசினாள்.

"எங்க வீட்ல தெரிஞ்சா என்னாகும்னு நினைச்சீங்களா அக்கா?"

"நீ தப்பு பண்ணலம்மா. கணக்கோட முகவரி, தேதி, நேரம் தெரியற மாதிரி எடுத்துக் குடு. மத்ததுக்கு நான் இருக்கேன்."

டீச்சர் போனைத் திறந்தாள். அவள் கொடுத்ததை வைத்து அன்றிரவே இணையப் பதிவு முடிந்தது. மறுநாள் அவளும் சைபர் பிரிவுக்குக் கூடவே வந்து தனியாக ஒரு புகார் கொடுத்தாள்.

புகார் எண் வந்ததோடு சரி. 'பரிசீலனையில்' என்ற ஒரே சொல் மூன்று வாரம் அசையவில்லை. போன் செய்தால், எடுத்தவர் அடுத்தவரைக் கைகாட்டினார். அதற்குள் பதினொரு மாணவிகளில் ஏழு பேர் நின்றுவிட்டார்கள். ஒருத்தி சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

இருபத்தாறாம் நாள் போலிக் கணக்கு நீக்கப்பட்டது. எழுத்தர் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"அதான் எடுத்தாச்சேம்மா. திருப்தின்னு கையெழுத்து போடுங்க, முடிச்சிடலாம்."

"ஆள் யாருன்னு தெரிஞ்சுதா?"

"அது விசாரணையில இருக்கு."

"அப்ப இதுல என்ன முடிஞ்சுது? அவன் நாளைக்கு இன்னொரு கணக்கு தொடங்கமாட்டானா?"

"எல்லாரும் போட்டுட்டுப் போறாங்க, நீங்க மட்டும்..."

"போடமாட்டேன் சார்."

எழுத்தர் பெருமூச்சு விட்டுத் தாளைக் கோப்புக்குள் செருகினார். "அப்படின்னா வியாழக்கிழமை அதிகாரி இருப்பார். வந்து பாருங்க."

"எத்தனை மணிக்கு?"

"அது சொல்ல முடியாது."

வியாழக்கிழமை இரண்டு பேருக்கு வகுப்பு இருந்தது. படியிறங்கிக்கொண்டே அவர்களுக்குப் போன் செய்து, வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னாள்.