மூட்டை கட்டிய நாடா

செங்கம் சாலையில் கூரைக் கொட்டகையாக ஒரு பஞ்சர் கடை. பிறகு அதே இடத்தில் ஓடு போட்ட கடை. அதற்கும் பிறகு மெத்தைக் கட்டடம், மாடியில் வாடகைக்கு இரண்டு அறை. வேங்கிக்காலில் சொந்த வீடு. இத்தனையும் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாத ஒருவன் தன் கையால் கட்டியது. கைகொடுத்தவர்கள் யாரென்று கேட்டால் யோசிக்கணும். காலை வாரப் பார்த்தவர்களை யோசிக்காமலே சொல்வேன்.

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் அவர்களில் முதல் ஆளான ஏகாம்பரத்தின் பெயர் காதில் விழுந்தது. எதிர் வரிசையில் அவர் மகன் உட்கார்ந்து பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "எங்கப்பா வண்டி சும்மா சும்மா பஞ்சராவும். மெக்கானிக்குங்க ஒருத்தனுக்கும் காரணம் தெரியல. கடைசில எங்கப்பாதான் கண்டுபுடிச்சாரு."

பாயசத்தை அப்படியே விட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்தும் தூக்கம் இல்லை. மூக்கில் அந்தப் பழைய ரப்பர் தீய்ந்த வாடைதான்.

அந்த வாடை உங்களுக்குத் தெரியாது. ட்யூபில் ஓட்டையைச் சுற்றி உரசி, ஒட்டு வைத்து, இரும்புப் பிடிக்குள் இறுக்கி, மேலே கிண்ணத்தில் நெருப்பு வைத்தால் எழும் வாடை. எழுபதுகளின் கடைசியில் என் சட்டை, தலைமுடி, சாப்பிடும் சோறு எல்லாவற்றிலும் அது இருந்தது. பெண் பார்க்கப் போன வீட்டிலேயே, "எங்கியோ எரியுது பாரு" என்று அடுப்படிக்கு ஓடினார்கள். எரிந்தது நான்தான்.

ஏகாம்பரத்துக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி. கம்பிச் சக்கரம் வைத்த பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். பின்னால் கேரியரில் ஒரு மூட்டை மல்லாட்டையைக் கட்டிக்கொண்டு, ஆசிரமம் பக்கத்து சாப்பாட்டுக் கடைகளுக்குப் போட வருவார். என் கடைக்கு முன்னால் சாலையில் ஒரு மதகு, அதன் மேல் சின்ன மேடு. அந்த மேட்டில் ஏறி இறங்கியதும் பின் டயர் புஸ்ஸென்று உட்கார்ந்துவிடும். பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் மூன்று தடவை.

மூன்று தடவையும் நான்தான் ஒட்டினேன். பின் சக்கரத்தைக் கழற்றுவது முன் சக்கரம் மாதிரி இல்லை. செயின் இருக்கிறது, பிரேக் கம்பி இருக்கிறது. ஏகாம்பரமோ எப்போதும் வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொண்டு நிற்பவர். அதனால் சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு ஓரத்தை நெம்பித் தூக்கி, ட்யூபை வெளியே இழுத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வந்த இடத்தில் ஒட்டிவிடுவேன். டயருக்குள் தடவிப் பார்த்தால் ஆணி இருக்காது. விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். புத்திசாலி அல்லவா!

நான்காவது தடவை உட்கார்ந்தபோது பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. ஏகாம்பரம் வண்டியை விட்டு இறங்கிச் சாலையில் நின்றே கத்தினார்.

"இன்னாய்யா, எல்லா எடத்துலயும் ஓடுற வண்டி ஒன் கடையாண்ட மட்டும் எப்பிடிய்யா படுத்துக்கும்? ஆணி போடுறியா?"

வேறு சாலையில் சொல்லியிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். இது பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றும் பாதை. செருப்பில்லாமல் ஜனம் நடக்கும் பாதையில் ஆணி போடுகிறவன் என்று பேர் வந்தால், கடை மட்டுமல்ல, ஊரிலேயே இருக்க முடியாது. டீக்கடையிலிருந்து நாலு பேர் எழுந்து வந்தார்கள். ஒருவர், "பௌர்ணமிக்கு முன்னாடி இவன காலி பண்ணணும்" என்றார். நேற்றுவரை என் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர் அவர்.

உடைந்த ஒலிபெருக்கியின் காந்தம் ஒன்று என்னிடம் இருந்தது. கயிறு கட்டி மதகு நெடுக இழுத்துக் காட்டினேன். ஒரு சோடா மூடி ஒட்டியது, அவ்வளவுதான்.

"தான் போட்டத தானே பொறுக்குறான் பாரு" என்றார் பேப்பர்க்காரர்.

என்ன செய்தாலும் தப்பாகும் நேரம் அது. ஆனால் எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் இதே சக்கரத்துக்குக் கம்பி மாற்றிக் கோட்டம் எடுத்தவர் கரீம் பாய். அடுத்த தெருவில் கடை. என் பிழைப்பைக் கெடுக்க அவர் ஏதோ செய்திருக்கிறார் என்று உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. ஆள் அனுப்பினேன். கம்பி முடுக்கும் சாவியோடு வந்து நின்றார்.

எல்லோரையும் சுற்றி நிற்க வைத்து, முதல் முறையாகச் சக்கரத்தை முழுதாகக் கழற்றினேன். ட்யூபை உருவி வெயிலில் பிடித்தேன். அப்போதுதான் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. மூன்று ஒட்டும், புது ஓட்டையும், நான்கும் ட்யூபின் உள்வயிற்றில், ரிம்மைப் பார்த்த பக்கம். சாலையில் கிடக்கிற ஆணி அந்தப் பக்கம் எப்படிக் குத்தும்?

ரிம்முக்குள் விரலை ஓட்டினேன். சுருக்கென்று ரத்தம். கம்பி முனை ஒன்று நெல் முனையளவு நீட்டிக்கொண்டிருந்தது. மூட்டை பாரத்தோடு மதகு மேட்டில் குதிக்கும்போது அதுதான் குத்தியிருக்கிறது. கம்பி முனைகளை மூடி ரிம்மைச் சுற்றி ஒரு ரப்பர் நாடா இருக்கணும். இல்லை.

"பாய், நாடா எங்க?"

"சத்தியமா போட்டுத்தாம்பா குடுத்தேன். டயர ஊர்ல மாட்டிக்கிறேன்னு வெறும் சக்கரத்த வாங்கிட்டுப் போனாரு."

"அப்ப பாய் வேலதான் இது" என்று ஏகாம்பரம் கட்சி மாறினார்.

என் கண் கேரியரில் நின்றுவிட்டது. மல்லாட்டை மூட்டையை இறுக்கிக் கட்டியிருந்தது ஒரு கறுப்பு ரப்பர் நாடா. அதன் நடுவில், வட்டமாக, ஒரு ஓட்டை. அவிழ்த்துக் கொண்டுவந்து ட்யூபில் காற்றடிக்கும் வால்வை அதில் நுழைத்தேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"இன்னா மொதலாளி இது?"

"அது... சும்மா சுத்தி வெச்சிருந்தாங்க. வேஸ்ட்டுனு எடுத்துக்கினேன். மூட்டைக்கு நல்லா இழுத்துப் புடிக்குது."

எதிரே பூ விற்கும் கண்ணம்மா, "சக்கரத்தோட கோவணத்த அவுத்து மூட்டைக்குக் கட்டிட்டு, ஊரான் மேல பழி போடுறியே நைனா!" என்றாள். சாலையே சிரித்தது. கரீம் பாய் முனையை அராவி, பழைய ட்யூபில் புது நாடா வெட்டிக் கொடுத்தார். அவரைச் சந்தேகப்பட்டதை நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஏகாம்பரம் சொன்னது இதுதான்: "சரி சரி, சீக்கிரம் மாட்டு." நீ ஆணி போடவில்லை என்று ஒரு வார்த்தை வரவில்லை. பௌர்ணமியன்று என் கடை வந்ததும் பாதிப் பேர் மலையைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நடந்தார்கள். சிரித்தவர்கள் சொல்லிப் பரவியது குறைவு. கத்தியவர் சொன்னதுதான் ஊர் முழுக்கப் போயிருந்தது.

இன்று அந்த மதகு மேடு இல்லை, சாலையை அகலமாக்கி மட்டம் செய்துவிட்டார்கள். ட்யூபே இல்லாத டயர், கம்பியே இல்லாத சக்கரம். தொட்டி போயிற்று, வாடை போயிற்று. கரீம் பாயும் போய்விட்டார், கண்ணம்மாவும் இல்லை. ஏகாம்பரமும் இல்லை. நாடாவில் வால்வை நுழைத்துக் காட்டியதைப் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது நான் மட்டும்தான். அந்த தைரியத்தில்தான் மகன் பந்தியில் அப்படிப் பேசுகிறான்.

அவனுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். அடுத்த கல்யாணத்திலும் அந்தக் கதையைச் சொல்லு, வேண்டாமென்று சொல்லவில்லை. வண்டி உங்கப்பாவுடையது, நாடாவை அவிழ்த்தது உங்கப்பா. கண்டுபிடித்தது செங்கம் சாலைப் பஞ்சர் கடைக்காரன், அவன் ஆணி போடவில்லை. இதையெல்லாம் சேர்த்துச் சொல்லு. எதிர் வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன்.