நூறு கோடிச் சுற்று

எது உடைந்தாலும் அக்கா அதன் இரண்டு துண்டுகளையும் ஒன்றோடொன்று படவிட மாட்டார். சாக்பீஸ் உடைந்தால் ஒன்று இந்தக் கையில், மற்றது அந்தக் கையில். மகளின் பென்சிலோ தேநீரோடு வந்த பிஸ்கட்டோ, ஒரு விரல் இடைவெளி விட்டு, உடைந்த முகம் மேலே பார்க்க வைப்பார். நாமெல்லாம் உடைந்ததைக் கண்டதும் பொருத்திப் பார்ப்போம். கை தானாகப் போகும். அப்படிப் போன என் கையில், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, ஓர் அடி விழுந்தது.

"ஒட்டவச்சுப் பாக்காதப்பா. எங்க நொந்துச்சுன்னு அந்த முகத்துலதான் எழுதியிருக்கும். உரசிட்டா அழிஞ்சு போயிரும்."

எங்கள் ஆய்வுக்கூடத்தில் உடைப்பதுதான் வேலை. விரல் நீள எஃகுத் தண்டைப் பூட்டி, வளைத்தபடியே சுழலவிட்டு, எத்தனையாவது சுற்றில் முறிகிறது என்று எண்ணுவோம். ஒரு கோடி தாங்கிவிட்டால் இனி முறியாது என்று நிறுத்திவிடுவது வழக்கம். முறியும், அதுவும் மேலே கீறலே இல்லாமல் உள்ளிருந்து முறியும் என்பது அக்காவின் கட்சி. அதைக் காட்ட நூறு கோடிச் சுற்று வரை போக வேண்டும். இரவு பகலாக எட்டு மாதம். அக்காவின் பெயரே 'நூறு கோடி' ஆகிவிட்டது. நூறு கோடிக்குச் சொந்தக்காரி ஒரு டீ வாங்கித் தரக் கூடாதா என்பார்கள் கேன்டீனில். அவரும் வாங்கித் தருவார்.

ஒன்பது வருடமாக வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை அவருடையது. இப்போது நிரந்தர இடம் ஒன்று வந்திருந்தது. வயது வரம்பு நாற்பது; அக்காவுக்கு முப்பத்தொன்பது. இந்தக் கட்டுரை வெளிவந்தால் இடம் அவருக்குத்தான் என்று துறைத் தலைவரே சொல்லியிருந்தார். பஸ் டிப்போவில் வேலை பார்க்கும் அவர் கணவர் சொல்வாராம், மருமகள் எதையாவது உடைக்க மாட்டாளா என்று தினமும் வேண்டிக்கொள்கிற மாமியார் உலகத்திலேயே தன் அம்மா ஒருத்திதான் என்று.

ஒரு செவ்வாய்க்கிழமை, தொண்ணூற்றேழு கோடியில் முறிந்தது. அக்கா பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். முறிந்த முகத்தில், விளிம்பைத் தொடாமல், ஒரு சின்ன வட்டம். அதன் நடுவே ஒரு புள்ளி. உள்ளிருந்துதான். படமெடுக்கும் மைக்ராஸ்கோப்புக்கு வெள்ளிக்கிழமைதான் முறை கிடைத்தது. அதுவரை இரண்டு துண்டுகளையும் தனித்தனியே பஞ்சில் சுற்றி வைத்தார்.

வியாழக்கிழமை தலைவர் விருந்தினர்களோடு வந்தார். நல்ல மனிதர். விரிசலைப் பற்றி அவர் எழுதாத சமன்பாடு இல்லை. ஆனால் தாளில் தவிர வேறெங்கும் எதையும் உடைத்தவரில்லை. நம்ம பொண்ணு எட்டு மாதம் காத்திருந்து உடைத்தது என்று பெருமையோடு பஞ்சைப் பிரித்தார். இரண்டு துண்டுகளையும் பொருத்தி, லேசாக ஒரு திருகு திருகினார். கரகரவென்றது.

"பாருங்க, உடைஞ்ச இடமே தெரியல."

அக்கா இரண்டு துண்டுகளையும் வாங்கி, மறுபடி தனித்தனியே பஞ்சில் சுற்றினார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

மறுநாள் எடுத்த படத்தில் வட்டம் இருந்த இடத்தில் வெறும் பளபளப்பு. கட்டுரை திரும்பி வந்தது: ஆதாரம் போதாது, இன்னொரு தண்டு உடைத்துக் காட்டுங்கள். தலைவரிடம் ஏன் சொல்லவில்லை என்று அக்காவிடம் கேட்டேன். சொன்னால் மட்டும் வட்டம் திரும்பி வந்துவிடுமா என்றார்.

அக்கா அந்த வெள்ளிக்கிழமையே இன்னொரு தண்டைப் பூட்டியிருந்தார். அது சுற்றிக்கொண்டிருக்கையில் நேர்முகத் தேர்வு வந்தது. இடம் வேறொருவருக்குப் போனது. தண்டு சுற்றத் தொடங்கிய ஏழாம் மாதம் அக்காவின் ஒப்பந்தமும் முடிந்தது. 'நிறுத்த வேண்டாம்' என்று ஒரு தாளை மெஷினில் ஒட்டிவிட்டு, போகும்போது என்னிடம் சொன்னார்:

"உடைஞ்சா ஒரு போன் போடுப்பா. வேலைக்காக இல்ல. நான் பாத்தது பொய்யில்லன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா போதும்."

புதிதாக வந்தவருக்கு மெஷின் தேவைப்பட்டது. ஒரே வாரத்தில், தொண்ணூறு கோடியைத் தாண்டிய இடத்தில், நிறுத்திவிட்டார்கள். போன் செய்து சொன்னேன். லிஃப்ட் கம்பெனி ஒன்றில் புகார் அழைப்புகளை எடுக்கும் வேலையில் இருந்தார். பின்னால் போன்கள் அடித்துக்கொண்டிருந்தன. சரிப்பா, என்றார்.

ஒரு வருடம் கழித்து, மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: அன்று பூட்டைத் தளர்த்தும்போதே அந்தத் தண்டு இரண்டாகக் கையில் வந்துவிட்டதாம். பழைய இரும்போடு போட்டுவிட்டாராம்.

"நிறுத்தினப்புறம் உடைஞ்சது கணக்குல வராதுல்ல தம்பி?"