காட்டுக்குச் சோறு

மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் குடியிருந்த ராஜரத்தினத்தை எழுத்தாளர் என்று யாரும் சொன்னதில்லை. பகலில் பொதுப்பணி அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. மாலையில் 'கரையோரம்' வார இதழின் முக்கனிப் பக்கத்துக்குப் படைப்புகளைத் தேர்ந்து கொடுப்பார். வாரம் ஒரு தலைப்பு. அந்தத் தலைப்பில் ஒரு கவிதை, ஒரு கதை, ஒரு கட்டுரை. பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் 'தேர்வு: ராஜரத்தினம்' என்று வரும். அதைப் பார்க்க அவருக்குப் பெருமையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும்.

பயத்துக்குக் காரணம் உண்டு. மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் தொடங்கியபோது அவருடைய அண்ணன் அப்பாசாமி ஒரு தொழிற்சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான். கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ராஜரத்தினம் எதையும் இரண்டு முறை படிப்பார்: முதலில் தனக்காக, பிறகு போலீஸ்காரருக்காக. 'கதவு' வாரத்தில் வந்த அருமையான கதை ஒன்றை, கதவுக்குச் சிவப்புச் சாயம் அடித்திருந்தது என்பதற்காகவே ஒதுக்கியவர் அவர்.

மெர்டேக்கா என்ற சுதந்திர நாள் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் 'சோறு' என்று தலைப்புக் கொடுத்தார்கள். இதைவிடச் சாதுவான தலைப்பு ஏது என்று நிம்மதியாக இருந்தார். புக்கிட் பாருவிலிருந்து கோகிலா என்ற பெயரில் ஒரு கவிதை வந்தது.

காட்டுக்குச் சோறு கொண்டு போகிறேன்.
வழியில் கேட்பவர்களிடம்
எனக்குத்தான் என்கிறேன்.
அங்கே அவன் இருக்கிறான்.
பசி தாங்கமாட்டான்.

இதுபோல ஒன்று அந்தப் பக்கத்துக்கு வந்ததே இல்லை. இரண்டாம் முறை, போலீஸ்காரருக்காகப் படித்தபோது 'காட்டுக்கு' என்ற சொல்லில் நின்றுவிட்டார். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொண்டுபோனவர்கள் எத்தனையோ பேர் சிறையில் கிடந்தார்கள். மலாக்காவை வெள்ளைப் பகுதி, அதாவது கம்யூனிஸ்டுகள் இல்லாத இடம் என்று அறிவித்துக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி நாளாகிவிட்டது, சரி. தளர்த்தியவர்களுக்கு மறுபடி இறுக்க எவ்வளவு நேரமாகும்? பெண் பெயரில் எழுதும் ஆண்களையும் அவர் அறிவார். யாரோ தன்னை மாட்டிவிடப் பார்க்கிறார்களோ?

இதழின் ஆசிரியரும் அச்சக முதலாளியுமான தாவூத் சிரித்தார். "நல்லாருந்தா போடுவோம் சார். பயமா இருந்தா விட்டுடுங்க. ரெண்டுக்கும் நடுவுல நின்னீங்கன்னா என் மெஷின் ஓடாது."

விடவும் மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கவிதையோடு வந்த முகவரியைத் தேடிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு புக்கிட் பாருவுக்குப் போனார். ஒரு பெண் கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"கோகிலாங்கிறது..."

"நீங்க யாரு?"

"பத்திரிகையிலேருந்து வர்றேம்மா."

"பத்திரிகைக்காரங்க வீடு தேடி வருவாங்களா? நீங்க மாத்தா மாத்தாவா?"

"போலீஸா? என்னைப் பாத்தா அப்படியா இருக்கு?"

"சட்டையில பேனா குத்தியிருக்கீங்க. வந்ததும் பேரு கேக்குறீங்க. அவங்க வேற எப்படி இருப்பாங்க?"

அவர் கவிதையை எடுத்துக் காட்டினார். "இது நீங்க எழுதினதுதானே?"

"ஏன், தப்பா இருக்கா?"

"தப்பில்ல. எந்தக் காடும்மா இது? அங்க இருக்கிறவன் யாரு?"

அவர் என்ன கேட்கிறார் என்பது கோகிலாவுக்கு மெல்லத்தான் விளங்கியது.

"எம்மவனைப் புதைச்ச காடுங்க. நாலு வயசு. காய்ச்சல்ல போய்ட்டான். வெள்ளிக்கு வெள்ளி ஒரு கிண்ணம் கொண்டுபோய் வைக்கிறேன். பாக்கிறவங்க எனக்குப் பைத்தியம்ங்கிறாங்க. அதான், கேட்டா எனக்குன்னு சொல்லிடறது."

ராஜரத்தினத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருடைய அப்பா இறந்த மறுநாள், "காட்டுக்குப் போய்ப் பால் தெளிச்சுட்டு வந்துடுவோம்" என்று உறவினர்களைக் கிளப்பியவரே அவர்தான். இத்தனை வருட அவசரகாலம் அந்தச் சொல்லிலிருந்து இடுகாட்டை எடுத்துவிட்டுக் கம்யூனிஸ்டை உட்கார வைத்திருந்தது.

அப்படியும் வாய் சும்மா இருக்கவில்லை. "மயானம்னு மாத்திக்கலாமாம்மா? படிக்கிறவங்க தப்பா எடுத்துக்கக்கூடாதில்ல..."

"மயானமா? அது யாரு பேச்சு? நாங்க அவனைக் காட்டுக்குத்தான் தூக்கிட்டுப் போனோம். மாத்தறதா இருந்தா குடுத்துடுங்க." கையை நீட்டினாள்.

காகிதம் இரண்டு பேர் விரலிலும் இருந்தது. சற்று நேரம் கழித்து அவள் விட்டாள்.

"மாத்தல," என்றார்.

அச்சகத்தில் தாவூத், "உங்க பேரையாவது எடுத்துடவா சார்?" என்று கேட்டார்.

"எடுத்தாத்தான் சந்தேகம் வரும் பாய். இருக்கட்டும்."

இதழ் வெளிவந்த மறுநாள் தாவூத் அவரை அச்சகத்தின் உள்ளறைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காலையில ஒரு ஆளு வந்து அஞ்சு பிரதி வாங்கிட்டுப் போனான். அந்தக் கவிதையையே பாத்துக்கிட்டு நின்னான். பேரு கேட்டேன், சொல்லல."

ராஜரத்தினத்துக்கு அண்ணன் கப்பலேறிய நாள் கண்முன் வந்து போனது. பிறகு அவர் பாட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"போலீஸ்னா ஒண்ணு போதுமே பாய். அஞ்சு எதுக்கு?"

"அதான் எனக்கும் புரியல."

"அவனுக்கும் காட்டுல யாராவது இருப்பாங்க."

சொன்னதை அவர் நம்பினார். ஆனாலும் அன்றைக்கு வழக்கமான தெருவை விட்டு, சுற்றுவழியில்தான் சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போனார்.